மணி ஒலிக்காத இடத்தில் ஒரு வெட்டு: உளவியல் திரில்லர் குறும்படத்துக்கு டைட்டில் செய்த அனுபவம்

படத்தின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆள் காலியான தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாகத் தங்கிவிட்ட பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவருக்குத் தினமும் விடியற்காலையில் பெரட்டு மணி, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிட அழைக்கும் மணி, கேட்கிறது. மணி அடிக்க யாரும் இல்லை. மணியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆனாலும் அவர் எழுந்து, செக்ரோல் எனும் வருகைப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கிறார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்த இளைஞர்கள் இதைக் குறும்படமாக எடுத்திருந்தார்கள். நான் திருமணம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவற்றின் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பவன். "அண்ணே, பெயர் ஓடும்போதே பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். அப்படி ஒரு டைட்டில் செய்து கொடுங்கள்" என்று கேட்டு வந்தார்கள். இரத்தம், அலறல், திடீரென்று தோன்றும் முகம் ஆகிய எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கிராணியின் காதுக்குள் பார்வையாளரை உட்கார வைப்பதுதான் இந்த டைட்டிலின் வேலை. படம் தொடங்குவதற்குள் இல்லாத மணியை அவர்களும் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். மற்ற முடிவுகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

வேலையில் இறங்கும் முன் முன்னோடிகளின் டைட்டில்களை ஒலியை அணைத்துப் பார்த்தேன். பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்டேன். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். படத்தொகுப்பு பழகும் யாருக்கும் இந்தப் பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன். 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு சால் பாஸ் வடிவமைத்த டைட்டிலில், பட்டைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிப் பெயர்களைத் துண்டாக்கிச் சேர்க்கின்றன. வேறு காட்சியே கிடையாது. ஒலியை அணைத்தால் அது அழகான கோட்டு விளையாட்டு. பெர்னார்டு ஹெர்மனின் இசையை மட்டும் கேட்டால், யாரோ ஓடுகிறார்கள் என்று தெரிகிறது; எதற்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்று தெரிவதில்லை. இரண்டும் சேர்ந்ததும் மனித முகமே இல்லாத அந்தத் திரையில் உடைந்த மனம் ஒன்று தெரிகிறது. அந்தப் படத்துக்கு ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்துக்கொண்டார். தாளக்கருவி கிடையாது. வில்லே தாளத்தையும் அடித்துக்கொள்கிறது.

1995இல் டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' படத்துக்குக் கைல் கூப்பர் செய்த டைட்டில் வந்தபோது, உடன் ஒலித்தது நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் பாடல் ஒன்றின் மறுகலவை. கையால் கீறிய எழுத்து, துள்ளும் பிரேம், மிக நெருக்கத்தில் விரல்கள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ திரில்லர்கள் கீறலையும் துள்ளலையும் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வெட்டுகளை என்பது என் உறுதியான எண்ணம். சில வெட்டுகள் தாளத்தின் மேல் விழுகின்றன, சில விலகி விழுகின்றன. அடுத்தது எங்கே விழும் என்று உடல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கு சரியாக வருவதே இல்லை. பார்வையாளருக்கு முதலில் ஒரு துடிப்பைக் கொடுத்து அதை நம்ப வைக்க வேண்டும். பிறகுதான் அதை அசைக்க வேண்டும். நம்பாத ஒன்றை அசைத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

ஆகவே முதலில் தாளம். விநாடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொண்டேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சோக் வைத்த பழைய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. 25 பிரேமும் 1/50 விநாடி ஷட்டரும் வைத்தால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு துடிப்புகளை வாங்கிக்கொள்ளும். படத்தில் பட்டை விழாது. பிரேம் எண்ணிக்கை உறுதியானதும் கணக்கு எளிது. ஒரு நிமிடத்தில் 1500 பிரேம். நிமிடத்துக்கு 75 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்குச் சரியாக 20 பிரேம் வருகிறது. முழு எண்ணாக வராத வேகத்தை எடுத்தால் வெட்டு ஒவ்வொரு முறையும் அரை பிரேம், கால் பிரேம் என்று தானாகவே நழுவும். நழுவலை நான் தீர்மானிக்க வேண்டும் என்றால் அடித்தளம் துல்லியமாக இருக்க வேண்டும்.

நான்கைந்து தாளங்களை மேசையில் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ட சாபுவை எடுத்தேன். தக தகிட: ஐந்து எண்ணிக்கை, 100 பிரேம், சரியாக 4 விநாடி ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று. நான்கின் கட்டில் ஓடும் இசைக்கு நம் காது பழகிவிட்டதால், ஐந்தாவது எண்ணிக்கை வரும்போது உடல் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குக் கால் எடுத்து வைத்திருக்கும். அந்தச் சிறிய காத்திருப்பு எனக்கு வேண்டியிருந்தது. மொத்தம் 22 ஆவர்த்தனம், 88 விநாடி. 23ஆவது ஆவர்த்தனத்தின் சமம் (முதல் அடி) படத்தின் முதல் காட்சியில் விழ வேண்டும்; கிராணி கண் விழிக்கும் பிரேம் அது.

வெட்டு தாளத்தோடு எப்படி உறவாட வேண்டும் என்பதற்கு நம் இசையிலேயே ஓர் இலக்கணம் இருக்கிறது. பாட்டும் தாளமும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு. தாளத்துக்கு முன்னே பாட்டு புறப்பட்டால் அதீத எடுப்பு. தாளம் தொடங்கியபின் பாட்டு நுழைந்தால் அனாகத எடுப்பு. பாட்டு இருக்கும் இடத்தில் வெட்டை வைத்துக்கொண்டால் போதும். மணி சமத்தில் விழும். படம் மாறுவது அதற்கு முன்போ பின்போ மணியுடனோ நிகழலாம்.

முன்னும் பின்னும் ஒரே விளைவைத் தருவதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக வெளியிட்ட பரிந்துரை ஒன்றில் இதற்கு அளவே இருக்கிறது. ஒலி படத்தை முந்தினால் ஏறக்குறைய 45 மில்லிவிநாடியிலேயே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுகிறார். பிந்தினால் ஏறக்குறைய 125 மில்லிவிநாடி வரை கண்டுகொள்வதில்லை. இயற்கையில் ஒளி முதலில் வருகிறது, ஒலி பிந்தி வருகிறது. தூரத்தில் மரம் வெட்டுகிறவரின் கோடரி இறங்கியபிறகுதான் சத்தம் கேட்கும். மூளை அதற்குப் பழகியிருக்கிறது. என் கணக்கில் ஒரு பிரேம் 40 மில்லிவிநாடி. மணிக்கு மூன்று பிரேம் முன்னால் படத்தை மாற்றினால் யாரும் தவறாக உணர மாட்டார்கள். ஏதோ விரைகிறது என்று மட்டும் தோன்றும். மணிக்கு இரண்டு பிரேம் பின்னால் மாற்றினாலே மனத்தில் ஏதோ உறுத்தும். அந்த அளவுகள் உதடும் பேச்சும் பொருந்துவதற்காக வகுத்தவை. ஆனாலும் மணியோடு வைத்துப் பார்த்தபோது அதே திசையில்தான் வேலை செய்தன. அதீதத்தால் அவசரத்தையும் அனாகதத்தால் உறுத்தலையும் உண்டாக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

இசைக்கு வெளியிலிருந்து எதையும் வாங்குவதில்லை, ஊரில் கிடைக்கும் ஒலிதான் என்று தம்பிகள் பிடிவாதமாக இருந்தார்கள். எனக்கும் அதில் மகிழ்ச்சி. முதல் கருவி உறுமி. தைப்பூசத்துக்கு உறுமி மேளம் இல்லாத ஊர்வலத்தை இந்த நாட்டில் நினைத்துப் பார்க்க முடியாது. எங்கள் ஊர்க் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் ஒரு மாலையில் வந்து உட்கார்ந்தார். ஒரு முகத்தை நேரான குச்சியால் அடிப்பது எனக்குத் தேவைப்படவில்லை. மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பதுதான் வேண்டியிருந்தது. "மெதுவாகத் தேய்த்தால் சத்தம் பிசிறும், அண்ணே" என்றார். பிசிறுதான் வேண்டும் என்றேன். அறையின் நான்கு பக்கமும் கம்பளிப் போர்வையைக் கட்டி எதிரொலியை அடக்கிவிட்டு, 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தேன். வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இருமடங்காகும். கால்பங்காக்கினால் இரண்டு ஸ்தாயி இறங்கும். சாதாரண 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து இப்படி இழுத்தால் மேல்பகுதி வெறுமையாகி ஒலி மங்கிவிடும். 96இல் மைக் பிடித்திருக்கும் மீயொலி கீழே இறங்கி வந்து, தோலின் சொரசொரப்பைக் காப்பாற்றுகிறது. கால்வேகத்தில் கேட்டபோது வாசித்த தம்பிக்கே அது தன் உறுமி என்று நம்ப முடியவில்லை. திருவிழாவில் சாமியை அழைக்கும் ஒலி அது. எங்கள் மக்களின் உடலுக்கு அது தெரியும். இறங்கிய சுருதியில் அதை அறிவால் அடையாளம் காண முடியாவிட்டாலும் உடல் அடையாளம் காண்கிறது என்று நான் நம்புகிறேன்.

அடுத்து ரீங்காரம். படப்பிடிப்பு நடந்த லயத்து வீட்டின் பழைய குழல்விளக்கு சோக் 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது. வயலின் கற்பிக்கும் அக்காவின் சுருதி ஐந்து கட்டை. அதன் கீழ் ஸ்தாயி ஷட்ஜம், அதாவது 'ச', 98 ஹெர்ட்ஸ். இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால், வித்தியாசமான 2 ஹெர்ட்ஸ் ஒரு துடிப்பாகக் கேட்கும்: விநாடிக்கு இரண்டு முறை பெருத்துச் சிறுக்கும். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. என் ஆவர்த்தனம் 4 விநாடி. அதற்குள் தாளத்தில் ஐந்து அடி, ரீங்காரத்தில் எட்டுத் துடிப்பு. ஐந்தும் எட்டும் வழியில் எங்கும் சந்திப்பதில்லை. சமத்தில் மட்டும் மிகச் சரியாகச் சந்திக்கின்றன. வேகத்தை நான் தேர்ந்தெடுத்தது பிரேம் கணக்குக்காக. அது மின்கம்பியோடும் அக்காவின் சுருதியோடும் இப்படிக் கைகோர்க்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதல் பாதிக்குக் கணினியில் உருவாக்கிய துல்லியமான 100 ஹெர்ட்ஸ் சுரத்தை வைத்தேன். ஒவ்வொரு சமத்திலும் ரீங்காரமும் மணியும் ஒன்றாக முட்டும். நடுப்பகுதியிலிருந்து அதைக் கரைத்துவிட்டு, லயத்தில் பதிவு செய்த நிஜமான சோக்கின் முனகலைக் கொண்டுவந்தேன். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் எப்போதும் இம்மியளவு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே துடிப்பு சமத்தை விட்டு மெல்ல விலகத் தொடங்குகிறது. யார் காதும் இதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. அடியில் இருக்கும் தரை நகர்வதை உடல் மட்டும் அறியும்.

அக்காவின் வயலினுக்கு வருகிறேன். மைனர் மூவொலியின் மேல் பெரிய ஏழாம் சுரத்தை வைப்பது ஹெர்மன் 'வெர்டிகோ'விலும் 'சைக்கோ'விலும் நாடிய சுரக்கூட்டு. நம் வழியில் சொன்னால் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். கீரவாணியிலும் கௌரிமனோகரியிலும் சிம்மேந்திரமத்திமத்திலும் இந்த நான்கும் இருக்கின்றன. கீழே மூன்று சுரங்கள் துயரமாக உட்கார்ந்திருக்க, மேலே நிஷாதம் அரைப்படி தூரத்தில் ஷட்ஜத்தைப் பார்த்துத் தவிக்கிறது. ராகத்தில் பாடும்போது அந்தத் தவிப்பைத் தீர்த்துவிடுவோம். இந்த டைட்டிலில் 88 விநாடியும் தீர்க்கக் கூடாது.

"அக்கா, நிஷாதத்தை கமகமே இல்லாமல் நேராகப் பிடித்து நிறுத்துங்கள், ஷட்ஜத்துக்குப் போகவே வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். "இருபது வருடம் மாணவர்களுக்கு அசைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், தம்பி. நீங்கள் அசைக்காதே என்கிறீர்கள். கை தானாக மேலே போகிறது" என்றார். பிறகு விரலைத் தந்தியில் ஊன்றி, வில்லை மட்டும் மிக மெதுவாக இழுத்தார். கர்நாடக இசையில் ஊறிய காதுக்கு கமகம் இல்லாத சுரம் உயிர் போன சுரம். மேலை நாட்டுப் படங்கள் இந்த விளைவுக்காகத் தந்திகளை நடுங்க வைக்கின்றன. நமக்கு நடுக்கத்தை நிறுத்தினாலே போதும். இந்த வேலையில் நான் கண்டுகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் ஊர்த் திரில்லர்கள் இதை இன்னும் நிறையப் பயன்படுத்தலாம்.

மணிக்குத் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடித்தோம். இரும்பில் அடி விழும் கணமும் அதன் பின் நீளும் கார்வையும் தனித்தனியாகத் தேவைப்பட்டதால், கார்வை முழுவதும் அடங்கும்வரை யாரும் அசையாமல் நின்றோம். மாலை மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டால் பதிவு கெட்டுவிடும் என்பதால் இந்த வேலையை எப்போதும் காலையிலேயே முடித்துக்கொண்டோம்.

படத்துக்கு வருவோம். எங்கள் ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. சிறுதோட்டக்காரர் ஒருவர் தம் மரங்களில் படம் எடுக்க அனுமதி கொடுத்தார். விடிவதற்கு முன் பால் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக வடியும். தலைவிளக்கின் வெளிச்சத்தில் கத்தி பட்டையைச் சீவுவதை, நீட்டிப்பு வளையம் மாட்டிய பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸால் மிக நெருக்கத்தில் எடுத்தேன். வெட்டு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, வலப்பக்கம் ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால்நாளங்கள் வலப்புறமாகச் சற்றே சாய்ந்து ஏறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். திரையில் இது எனக்குப் பெரிய வரமாக அமைந்தது. எல்லாக் காட்சிகளிலும் அசைவு இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிப் போகிறது. தமிழை வாசிக்கும் கண்ணும் அதே பக்கமாகத்தான் போகும். ஆகவே பிற்பகுதியில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். பால் வலமிருந்து இடமாக இறங்கி ஓடும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வராமலே அது பிடிக்காமல் போகும்.

மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) சொட்டும் பால், சீவல் சுருண்டு விழுவது, வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரிக்கும் விரல், செக்ரோலில் அடிக்கப்பட்ட பெயர்க்கோடுகள், சுவரில் ஆணி இருந்த துளை. இவைதான் மற்றக் காட்சிகள். பக்கத்து ஊரான கோலா கங்சாரில், 1877இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. அதன் முதிர்ந்த பட்டை மட்டும் ஒரே ஒரு காட்சியில் வருகிறது. லயத்தின் உள்ளே எடுத்த சில காட்சிகளுக்கு ஷட்டரை வேண்டுமென்றே 1/60க்கு மாற்றினேன். குழல்விளக்கு ஒளியில் கரும்பட்டைகள் விழுந்து மெல்ல ஊர்கின்றன. ரீங்காரத்தை நழுவ வைக்கும் அதே மின்சாரம் இங்கே சுவரையும் நழுவ வைக்கிறது.

எழுத்துகளை எழுத்துருவில் அமைக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் கரியைக் கண்ணாடித் துண்டுகளில் படியவிட்டு, ஊசியால் பெயர்களைக் கீறிப் பின்னாலிருந்து ஒளி கொடுத்தேன். ஒவ்வொரு பெயரையும் மூன்று கண்ணாடிகளில் எழுதி, மூன்று பிரேமுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் காட்டினால் எழுத்து உயிருள்ளதுபோல நெளியும். தமிழுக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. புள்ளி ஒரு கண்ணாடியில் தெரிந்து மறுகண்ணாடியில் மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'ன்' ஒரு கணம் 'ன' ஆகும். ஒற்றைக் கொம்பின் சுழியும் இரட்டைக் கொம்பின் சுழியும் அப்படித்தான் குழம்பும். கோடுகள் எவ்வளவு வேண்டுமானாலும் நெளியட்டும், புள்ளியும் சுழியும் மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முதலில் ஒரு தாளில் குறியிட்டு, அதன் மேல் கண்ணாடியை வைத்துத்தான் கீறினேன். கீழே வரும் சிறிய எழுத்துகளை மட்டும் இங்க்ஸ்கேப்பில் அமைத்துப் படமாக மாற்றிச் சேர்த்தேன். சில தொகுப்பு மென்பொருள்களின் எழுத்துக் கருவி 'கொ' போன்றவற்றின் கொம்பையும் காலையும் இடம்மாற்றிப் போட்டுவிடும் என்பதால் அந்த வழி பாதுகாப்பானது.

இனித் தொகுப்பு. டாவின்சி ரிசால்வில் முதலில் ஒலித்தடங்களை மட்டும் அடுக்கி, ஒவ்வொரு சமத்திலும் குறியிட்டேன். முதல் இரண்டு ஆவர்த்தனம் கருந்திரை. ரீங்காரம், சுருதி, சமத்தில் மணி. மூன்றிலிருந்து எட்டு வரை எல்லாம் சம எடுப்பு: மணியும் வெட்டும் ஒரே பிரேமில். 'தகிட' தொடங்கும் 41ஆவது பிரேமில் சிறிய இரண்டாவது வெட்டு. மணி விழும் ஒவ்வொரு முறையும் படத்துக்கு ஓர் அதிர்வு கொடுத்தேன்: ஒரு பிரேம் 103 விழுக்காடாகப் பெருத்து, அடுத்த பிரேமில் 101 ஆகி, பிறகு பழைய அளவு. கூடவே ஒளி சற்றுத் தாழும். இந்தப் பகுதி ஏறக்குறைய சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். தம்பிகளில் ஒருவர் இதைச் சுருக்கச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. பழக்கம் ஏற்பட நேரம் வேண்டும்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அதீதம். வெட்டு மணிக்கு ஒரு பிரேம், இரண்டு பிரேம், மூன்று பிரேம் என்று முந்துகிறது. படம் விரைவதாகத் தோன்றும், ஆனால் தாளத்தின் வேகம் மாறவே இல்லை. பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை அனாகதம். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வெட்டு பிந்துகிறது. ஐந்து பிரேம் என்பது 200 மில்லிவிநாடி. மணி அடித்துவிட்டது, படம் இன்னும் மாறவில்லை. அந்த இடைவெளியில் பழைய காட்சி முறைத்துக்கொண்டு நிற்கும். ஆறு, ஏழு பிரேம் வரை கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கே உறுத்தல் போய், வெட்டு வேறொரு தாளத்தைச் சேர்ந்ததாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. ஐந்தோடு நிறுத்தியது அதனால்தான்.

பதினேழிலிருந்து இருபது வரை மணியே இல்லை. அதிர்வு மட்டும் அப்படியே இருக்கிறது: மிகச் சரியாகச் சமத்தில், அதே 103, அதே ஒளித்தாழ்வு. அதற்கு அரை விநாடி முன்பு உறுமியின் இழுப்பை அறுத்துவிட்டேன். மணி விழ வேண்டிய இடத்தில் ரீங்காரமும் நிஷாதமும் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு குழி. எதிர்பார்த்த ஒலி வராமல் போனாலும் மூளையில் அதற்கான மின்னசைவு எழுவதை நரம்பியலார் அளந்து காட்டியிருக்கிறார்கள். பதினான்கு முறை மணியோடு அதிர்ந்த படம் பதினைந்தாவது முறை தனியாக அதிரும்போது, மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்கிறார்.

பெயர்கள் ஒன்பது அட்டை. ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு ஆவர்த்தனம். முதல் ஆவர்த்தனத்தின் பத்தாவது பிரேமில் பெயர் தோன்றித் தொண்ணூறாவதில் மறைகிறது. எந்தப் பெயரும் சமத்தைக் கடப்பதில்லை. படித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் பயம் பிடிக்காது; மணியும் அதிர்வும் வரும்போது திரையில் எழுத்து இருக்கக் கூடாது என்பதைக் கடைசிவரை விடாமல் காத்தேன். படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு வெட்டின் தகுதியை அளக்கும்போது உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் தாளத்துக்கு 10 விழுக்காடும் கொடுப்பார். கதை ஓடும் காட்சிக்கு அது மிகவும் பொருந்தும். ஆளும் பேச்சும் இல்லாத டைட்டிலிலோ உணர்ச்சி வருவதற்குத் தாளத்தைத் தவிர வேறு வாசல் இல்லை.

பெரும்பாலானோர் இதைக் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் 98 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. மேல் ஸ்தாயி ஒலிகளைச் சேர்த்தால், அடிச்சுரம் இல்லாமலேயே அது இருப்பதாகக் காது எடுத்துக்கொள்ளும். அதற்காக ஒலியைச் சற்றே சிதைக்கும் வடிப்பானைப் போடுவது வழக்கம். போடும் இடம் முக்கியம். 98ஐயும் 100ஐயும் தனித்தனியாகச் சிதைத்தால் 196ம் 200ம் பிறந்து, துடிப்பு விநாடிக்கு நான்காகிவிடும். என் எட்டு பதினாறாகும். இரண்டையும் கலந்தபிறகு சிதைத்தால், பெருத்துச் சிறுக்கும் அதே இரண்டு துடிப்பு மேல் ஒலிகளிலும் வந்துவிடும். அப்படியே செய்தேன்.

முடிந்ததும் கதையைப் பற்றி எதுவும் சொல்லாமல் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் போட்டுக் காட்டினேன். திரையைப் பார்க்காமல் அவர்களுடைய தோளையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாவது சமத்தில் தோள்கள் அசைந்தன. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கடைசி மணி எப்போது அடித்தது? "பெரிய எழுத்தில் படத்தின் பெயர் வந்ததே, அதற்குச் சற்று முன்னால்தான்" என்றார் அத்தை. அவர் இளம் வயதில் பெரட்டுக்குப் போனவர். மற்றவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். கடைசி மணி அடித்தது 60ஆவது விநாடியில். படத்தின் பெயர் வருவது 80ஆவது விநாடியில். மணி இல்லை என்று நான் தடத்தைத் திறந்து காட்டியபோதும் அத்தை, "நீ வேறு எதையோ காட்டுகிறாய், ஐயா" என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு நான் மாற்றியது இருபதாவது ஆவர்த்தனத்தின் ஒளித்தாழ்வை மட்டும்தான்; சற்றுக் குறைத்தேன். தம்பிகளிடம் காணொளிக் கோப்பையும் ஆவர்த்தன வரைபடத்தையும் கொடுத்துவிட்டேன். உறுமித் தம்பி கால்வேகத் தடங்களைத் தம் குழுவுக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார். படத்தின் முடிவில் வரும் நீண்ட பெயர்ப் பட்டியலையும் என்னையே செய்யச் சொல்கிறார்கள். அங்கே அந்த நிஷாதத்தை ஷட்ஜத்தில் இறக்கி வைக்கலாமா, அல்லது கிராணியோடு அதையும் அப்படியே விட்டுவிடுவதா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.